அல்ஹம்ப்ராவில் அம்மாவுக்குக் கை கொடுத்தவருக்கு

ஸ்பெயினில் மலாகாவிலிருந்து கிரனாடாவுக்கு வழிகாட்டியோடு ஒரு நாள் சுற்றுலா போயிருந்தோம். அங்கே மலைமேல் இருக்கும் பழைய கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவில், நஸ்ரித் வம்சத்து அரண்மனைகளுக்குள் நுழைய, சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதனால் வழிகாட்டி ஓட்டமும் நடையுமாகத்தான் போனார், அவரைக் குறை சொல்ல முடியாது. முழங்கால் வலியோடு அம்மாதான் திணறிப்போனார்.

குழுவில் வெள்ளைத் தொப்பி போட்டு வந்த பெரியம்மா, நீங்கள்தான் கேட்காமலே உங்கள் கைத்தடியை அம்மாவிடம் கொடுத்து, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் பேச்சு நிற்கவே இல்லை!

14ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஐந்தாம் முகம்மது கட்டிய சிங்க முற்றத்தில், எல்லாரும் நடுவிலிருந்த 12 பளிங்குச் சிங்கங்களைப் படமெடுக்க முண்டியடித்தார்கள். நீங்களோ தரையில் ஓடும் குறுகலான வாய்க்காலை அம்மாவுக்குக் காட்டினீர்கள். டாரோ ஆற்றிலிருந்து அந்த மலைக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை விரலாலேயே வரைந்து புரியவைத்தீர்கள். அப்புறம் இரு சகோதரிகள் மண்டபம். கழுத்து வலியால் அம்மாவுக்கு அண்ணாந்து பார்க்க வராது. கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தீர்கள். தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகத் தொங்கும் சுதை வேலைப்பாடு முழுக்க அதில் தெரிந்தது. எனக்கு இந்த யோசனை தோன்றவே இல்லை.

நீங்கள் கிரனாடாவிலேயே இறங்கிக்கொண்டதால் பெயர்கூடக் கேட்க முடியவில்லை. அம்மா சார்பிலும் என் சார்பிலும் ரொம்ப நன்றி, பெரியம்மா.