தலைக்கு மேலே போகும் கம்பி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பயிற்சியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. எனக்குக் கண் புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வெள்ளைத் தாள் மறுபடி வெள்ளையாகத் தெரிகிறது, படிக்கிற ஆசையும் திரும்பிவிட்டது. ஆகவே இந்தக் கடிதம் நீளும்.

பேத்தி பள்ளிக்கூடத்துக்காக உலக ஆற்றல் வரைபடம் போடுகிறாள், எண்ணெய்க்குக் கறுப்புப் புள்ளி, காற்றுக்கு நீலம், வெயிலுக்கு மஞ்சள் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறாள், இன்னும் என்ன சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைப்பு. புள்ளிகள் போதும் வசந்தி, இனி கோடு போடச் சொல். ஆற்றல் எங்கே கிடைக்கிறது என்பது பாதிக் கதைதான். அது யாரிடம் போகிறது, வழியில் யார் வீட்டைத் தாண்டிப் போகிறது என்பதைப் பார்த்தால்தான் மீதி புரியும். 28 வருஷம் மின்கம்பி போகும் டவர் லைனுக்குப் பாதை அளந்தவள், எனக்குக் கோடுகள்தான் முதலில் கண்ணில் படும்.

முதல் கோட்டைப் பாரசீக வளைகுடாவிலிருந்து போடட்டும். அதன் வாயில் இருக்கும் ஹோர்முஸ் நீரிணை, மிகக் குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர் அகலம்தான். அதிலும் கப்பல் போக ஒரு தடம், வர ஒரு தடம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 2024 கணக்குப்படி ஒரு நாளைக்கு 2 கோடி பீப்பாய் எண்ணெய் அந்த வழியே போனது. உலகம் ஒரு நாளில் செலவழிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு! கத்தாரின் திரவ எரிவாயுவுக்கும் அதை விட்டால் கடல்வழி கிடையாது. அங்கே பதற்றம் என்று செய்தி வந்தால், அந்தக் கடலைப் பார்த்தே இராதவர்கள் வீட்டுக் கணக்கும் ஆடிப்போகிறது.

எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது வேறொன்று. உலகக் கடல்களில் எடைக் கணக்கில் போகும் சரக்கில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இவைதான். எரிப்பதற்கென்றே தோண்டி, அதைச் சுமக்கவும் எரித்து, கொண்டுபோய்ச் சேர்த்ததும் எரித்துத் தீர்த்துவிட்டு, அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிறோம். சோலார் தகடும் கப்பலில்தான் வருகிறது. ஆனால் ஒரு தடவை வந்து இறங்கினால் 25 வருஷத்துக்கு அது பாட்டுக்கு வேலை செய்யும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் சூரியன் பக்கம்.

எண்ணெயாவது பீப்பாயில் அடைபட்டு இருக்கும். மின்சாரம் அப்படிக் காத்திருக்காது. உண்டாகும் நொடியிலேயே செலவாக வேண்டும், இல்லையென்றால் பேட்டரியிலோ, மேட்டு அணைக்கு ஏற்றிய தண்ணீராகவோ சேர்த்து வைக்க வேண்டும். அதனால் அதற்கு வழி அமைவதுதான் எல்லாம். ஐஸ்லாந்தைப் பார். நீரும் பூமிச் சூடும் வேண்டிய மட்டும் இருக்கின்றன, பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் குளிர் காய்வதே நிலத்தடி வெந்நீரில். ஆனால் அந்தத் தீவிலிருந்து வேறு எந்த நாட்டுக்கும் மின்கம்பி கிடையாது. அதனால் அலுமினியத் தாதுப் பொடியைத் தூரதேசத்திலிருந்து கப்பலில் வரவழைத்து, உருக்கி, கட்டிகளாக ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் ஆகும். மின்சாரத்தையே கட்டியாக்கிக் கப்பலேற்றுவது மாதிரிதான். பேத்தியிடம் இதைச் சொல், அவளுக்குப் பிடிக்கும்.

ஜப்பான் கதை உனக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ். இன்று வரை நாடு கிழக்கு மேற்காக இரண்டு மின்சாரத்தில் ஓடுகிறது. 2011 மார்ச்சில் சுனாமி வந்து ஃபுகுஷிமா உலைகள் நின்றபோது, மேற்கே நிலையங்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் 60 ஹெர்ட்ஸை 50 ஆக மாற்றிக் கொடுக்கும் நிலையங்களின் சக்தி மொத்தமே 1,000 மெகாவாட் அளவுதான். டோக்கியோ பக்கம் பகுதி பகுதியாக மின்வெட்டு. நூறு வருஷத்துக்கும் முன்னால் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்த ஒரு கொள்முதல்!

இப்போது நான் சொல்ல நினைத்த கோட்டுக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில், காங்கோ ஆறு கடலை நெருங்கும் இடத்தில் இங்கா அருவிகள் இருக்கின்றன. முழுசாகப் பயன்படுத்தினால் 40,000 மெகாவாட் வரை கிடைக்கும் என்கிறார்கள். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையே 22,500தான். 1982-இல் இங்காவிலிருந்து தென்கிழக்கே கோல்வேசி செம்புச் சுரங்கங்களுக்கு 1,700 கிலோமீட்டர் மின்தடம் போட்டார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது. நேர்மின்னோட்டத் தடம் அது, டி.சி. என்பார்களே, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். தூரத்துக்கு நல்லது, இழப்பு குறைவு. ஆனால் வழியில் நினைத்த இடத்தில் கிளை பிரிக்க முடியாது, பிரிக்கிற ஒவ்வொரு இடத்திலும் பெரிய மாற்று நிலையம் வேண்டும். அதனால் காடும் ஊரும் தாண்டித் தலைக்கு மேலேயே போயிற்று. வழியில் இருந்த ஊர்களுக்குக் கிடைத்தது டவர் மட்டும்தான். இன்றும் அந்த நாட்டில் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் மின்சாரம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பழைய நாள் ஒன்று ஞாபகம் வரும். உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை. வேலையில் சேர்ந்து நாலாவது வருஷம், ஒரு மலைக் கணவாயில் 400 கிலோவோல்ட் லைனுக்கு அளந்துகொண்டிருந்தோம். பக்கத்திலேயே பழைய லைன் ஒன்று ஏற்கெனவே போகிறது. தூறல் போட்டால் கம்பி தேன்கூடு மாதிரி இரையும். அதன் கீழே நாலைந்து வீடு. சாயங்காலம் ஆனால் மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு பாட்டி நான் அளக்கிற தியோடலைட் கருவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தத் தடவையாவது எங்க வீட்டுக்குக் கம்பி வருமா?" என்று கேட்டாள். நான் பொறுமையாக விளக்கினேன். இவ்வளவு அழுத்தத்தை அப்படியே இறக்க முடியாது பாட்டி, சப்ஸ்டேஷன் வேணும், அதுக்கு இத்தனை வீடாவது இருக்கணும் என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ எங்க நிலத்துல மட்டும் ஏன் நாலு காலை ஊனுது?" என்றாள். டவரின் கால்களைத்தான் சொன்னாள். அன்று அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் வீட்டுக்குக் கம்பி இழுப்பதில் இருந்த சிக்கல் பணச் சிக்கல்தான், அதை மின்னழுத்தச் சிக்கல் மாதிரி சொல்லித் தப்பித்துக்கொண்டேன் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

சரி, கோல்வேசிக்கு மறுபடி வருகிறேன். அந்தக் கம்பி போய் முடிகிற அதே வட்டாரம்தான் இன்றைக்குக் கோபால்ட்டுக்குப் பேர்போன இடம். உலகத்தில் வெட்டி எடுக்கிற கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. மின்சாரக் கார்களில் பல, அந்தக் கோபால்ட் உள்ள பேட்டரியில்தான் ஓடுகின்றன. புகை இல்லாத கார் நல்லதுதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சுத்தம் கிளம்பி வருகிற இடத்தில், மண்ணைத் தோண்டுகிறவன் வீட்டில் விளக்கு இல்லை என்றால் அதை நீடித்த வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? காற்றில் கரி குறைந்ததா என்று மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர்மாறாக ஜெர்மனி. அங்கே காற்று வடக்குக் கடலோரத்தில், பெரிய தொழிற்சாலைகள் தெற்கே. நடுவில் போதிய கம்பி இல்லாததால் காற்று பலமாக அடிக்கிற நாளில் வடக்கே காற்றாலையை நிறுத்துவார்கள், தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டுவார்கள். இதைச் சரிசெய்ய 700 கிலோமீட்டருக்கு சூட்லிங்க் என்ற தடம். வழியில் உள்ள ஊர்க்காரர்கள் எங்கள் வயலில் டவர் வேண்டாம் என்று வருஷக்கணக்காகப் போராடினார்கள், கடைசியில் கேபிளை மண்ணுக்குள் புதைப்பது என்று முடிவாயிற்று. 2022-இல் முடிய வேண்டியது 2028-க்குத் தள்ளிப்போய்விட்டது, செலவும் ஏறிவிட்டது. அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். ஆனால் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எதிர்த்துப் பேச வாய் இருந்த ஊரில் கம்பி மண்ணுக்குள் போனது. காங்கோவில் யார் யாரைக் கேட்டார்கள்?

சீனா தூரத்தையே ஜெயித்துவிட்டது போலத்தான் தெரிகிறது. ஷின்ஜியாங்கிலிருந்து கிழக்கே அன்ஹுவி வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மின்தடம், 1,100 கிலோவோல்ட், 12,000 மெகாவாட். 2019-இல் ஓட ஆரம்பித்தது. அளவைக்காரியாக அந்தப் பாதையைப் படத்தில் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிட்டேன். உலகின் சோலார் தகடு தயாரிப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அந்த ஒரு நாட்டில்தான் என்பதையும் பேத்தி குறித்துக்கொள்ளட்டும். வெயிலுக்கு நீரிணை இல்லை, தகடு செய்யும் தொழிற்சாலைக்கு இருக்கிறது.

நீ கேட்ட இன்னொரு கேள்வி: எல்லாரும் சிக்கனமாக இருந்தால் போதாதா? அதிகமாகச் செலவழிக்கிற நாடுகளுக்குப் போதும், வேண்டியதும் கூட. ஆனால் சஹாராவுக்குத் தெற்கே 60 கோடிப் பேருக்கு இன்னும் மின்சாரமே இல்லை. அவர்களிடம் போய் எதைக் குறைக்கச் சொல்வது? அவர்களுக்கு இன்னும் அதிகமாக வேண்டும், அதுவும் வீட்டுப் பக்கத்திலேயே வேண்டும். கூரைமேல் நாலு தகடு, கீழே ஒரு பேட்டரி, பத்து வீட்டுக்கு ஒரு சின்ன வலை. பெரிய ஆலைக்கு இது போதாதுதான், டவர் லைன் தேவைப்படும். ஆனால் ஒரு பிள்ளை ராத்திரி படிக்க 400 கிலோவோல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பேத்திக்கு யோசனை இதுதான். படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளைப் போட்டு, கப்பல் வழிக்கு ஒரு நிறம், குழாய்க்கு ஒன்று, மின்கம்பிக்கு ஒன்று. அப்புறம் இரண்டாவது தாளில் மின்சாரம் இல்லாத இடங்களைப் பென்சிலால் லேசாகத் தேய்த்து, முதல் தாளின் மேல் வைத்துப் பார்க்கச் சொல். நாம் கல்லூரியில் மழையையும் மக்கள்தொகையையும் இப்படித்தான் வைத்துப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? என் பழைய அட்லஸைப் பார்சலில் அனுப்புகிறேன். முதுகு கிழிந்திருக்கும், பக்கங்கள் சரியாக இருக்கின்றன.

ஒரு சேதி பாக்கி. என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி போன மாதம் அந்தக் கணவாய் வழியாகப் போயிருக்கிறாள். அந்த நாலைந்து வீட்டுக் கூரையிலும் இப்போது சோலார் தகடு இருக்கிறதாம். ராத்திரி டவருக்குக் கீழே விளக்கு எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றாள். பாட்டி இருக்க வாய்ப்பில்லை, அவள் வீட்டில் யாராவது இருப்பார்கள். டிசம்பரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஜீப் வீட்டு வாசல் வரை போகுமாம், நடை அதிகம் இல்லை. அதற்குள் உன் முழங்கால் தயாராகிவிடும். வருவாயா?

உன்,
கமலா