நீலகிரிப் பெட்டியைக் கீழிருந்து கட்டுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் நீலகிரி மலை ரயில் பெட்டியின் மாடல் கிட் வாங்கியவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இரண்டில் வந்து நிற்கின்றன. "பக்கச் சுவரை ஒட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, நீங்கள் ஏன் அடிப்பாகத்தை முதலில் முடிக்கச் சொல்கிறீர்கள்?" என்பது ஒன்று. "இழுத்தால் ஒழுங்காகப் போகிற பெட்டி, தள்ளினால் வளைவில் தடம் புரள்கிறதே?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறியவர்களுக்குத் தெரியும், இன்ஜின் பின்னால் நிற்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சட்டம் (இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம்) பதித்த பாதை. அதில் ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி வரை போகிறது. அந்தச் சரிவில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் பெட்டிகள் தானாகக் கீழே ஓடிவிடும். அதனால் இன்ஜின் எப்போதும் இறக்கப் பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கிப் பிடிக்கும். பெட்டியின் முகப்பில் உள்ள சின்ன மேடையில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பதும் இதற்காகத்தான்.

ஆக, நீங்கள் செய்வது தள்ளப்படும் பெட்டி. இழுக்கும்போது பெட்டிகள் கயிறு பிடித்ததுபோல் தானே நேராகிவிடும். பெட்டி லேசாக இருந்தாலும், கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தாலும் வெளியே தெரியாது. தள்ளும்போது அப்படி இல்லை. பின்னால் வரும் விசை ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பும். எடை குறைந்த பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தில் ஏறி வெளியே விழும். சுவரும் பெயிண்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடிப்பாகம் சரியில்லாத பெட்டி அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

முதலில் பாதை அளவு (கேஜ்), அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம். இதில் குழப்பிக்கொண்டு ஆர்டர் செய்பவர்கள் உண்டு. நம் ரயில்வே கணக்கில் மீட்டர் கேஜ் வேறு, நாரோ கேஜ் வேறு. மாடல் ரயில் உலகில் 1435 மி.மீ.க்குக் குறைந்த எல்லாமே நாரோ கேஜ்தான். நீலகிரிப் பாதை 1000 மி.மீ. அதை 1:87 அளவுக்கு, அதாவது 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 11.5 மி.மீ. வரும். கடையில் கிடைப்பது 12 மி.மீ. பாதை, எச்.ஓ.எம். (1:87 அளவில் மீட்டர் கேஜ்) என்ற பெயரில். பீக்கோ, டில்லிக், பெமோ ஆகிய மூன்று கம்பெனிகளும் இந்த அளவில் தருகின்றன. பெமோ சுவிஸ் மலை ரயில்களை மாடலாகச் செய்யும் ஜெர்மன் நிறுவனம் என்பதால் பல்சட்டப் பாதையும் அவர்களிடம் உண்டு. அரை மி.மீ. அதிகமாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். நம் அகலப் பாதையை 1:87-க்குச் சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வரும். ஆனாலும் எல்லோரும் 16.5 மி.மீ. பாதையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் தூக்கம் கெடவில்லை.

"9 மி.மீ. போகி மாட்டித் தருவீர்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். (போகி என்று நாங்கள் சொல்வது பெட்டிக்கு அடியில் சுழலும் நான்கு சக்கரச் சட்டத்தை, பேச்சில் பெட்டியையே போகி என்போமே, அதை அல்ல.) 1:87-இல் 9 மி.மீ. என்றால் 783 மி.மீ. ஆகிறது. அது கால்கா–சிம்லாவின் 762 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும், நீலகிரிக்கு வராது. டார்ஜிலிங் இன்னும் குறுகல், 610 மி.மீ. அந்தப் பாதைகளின் பெட்டிகளே வேறு உருவம். எங்கள் சுவரை அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரவைத்தால் தலை பெருத்துத் தெரியும். ஆகவே தருவதில்லை.

கிட்டில் சக்கரம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உங்களிடம் இருக்கும் பாதை எந்தக் கம்பெனியுடையதோ அதற்குப் பொருந்தும் உலோகச் சக்கரத்தை நீங்களே தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. பிளாஸ்டிக் சக்கரம் வேண்டாம். அது அழுக்கைச் சேர்த்துப் பாதை முழுக்கப் பூசிவிடும். உலோகச் சக்கரத்தில் ஒரு பக்கம் இன்சுலேஷன் இருக்கும். ஒரு போகியின் இரண்டு அச்சுகளிலும் அந்தப் பக்கம் ஒரே திசையில் இருக்கட்டும். (போகி என்று நாங்கள் சொல்வது பெட்டிக்கு அடியில் சுழலும் நான்கு சக்கரச் சட்டத்தை, பேச்சில் பெட்டியையே போகி என்போமே, அதை அல்ல.)

இனி அடிப்பாகம். தளத்தட்டை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து நான்கு மூலையிலும் விரலால் அழுத்துங்கள். எங்காவது டக்டக் என்று ஆடினால் தட்டு முறுக்கியிருக்கிறது. கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி கிடக்கட்டும். சரியான பிறகு போகிகளைத் திருகுங்கள். இரண்டு திருகையும் ஒரே மாதிரி முடுக்கக் கூடாது. ஒரு போகி எல்லாப் பக்கமும் லேசாக ஆட வேண்டும். மற்றொன்று திரும்பலாம், முன்னும் பின்னும் அசையலாம், இடவலமாகச் சாயக் கூடாது. இப்படிச் செய்தால் பெட்டி மூன்று புள்ளியில் நிற்கும். நான்கு கால் ஸ்டூல் கரடுமுரடான தரையில் ஆடும், முக்காலி ஆடாது, அதே கணக்குதான். நாங்கள் பார்த்தவரை தடம் புரளும் புகார்களில் பலவும் இந்தத் திருகு ஒன்றைத் தளர்த்தியதும் தீர்ந்துவிடுகின்றன.

அப்புறம் எடை. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1:87 அளவிலான 3 அடிப் பாதை வண்டிகளுக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: அடிப்படையாக முக்கால் அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு 0.375 அவுன்ஸ். நம் 12 மி.மீ. பாதைக்கும் இதையே எடுத்துக்கொள்ளலாம். 12 செ.மீ. நீளமுள்ள பெட்டிக்கு மொத்தம் 70 கிராம் சுமார் வரும். வெறும் பிளைவுட் உடம்பு அதில் கால்வாசிகூட இருக்காது. மீதியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும், அதுவும் தளத்தட்டை ஒட்டித் தாழ்வாக. டயர் கடையில் வீல் பேலன்சிங் செய்ய ஒட்டுவார்களே, 5 கிராம், 10 கிராம் துண்டுகள், அதைவிட வசதியானது எதுவும் இல்லை. முதுகில் பசை உண்டு. இருக்கைகளுக்கு அடியில் அப்படியே ஒட்டிவிடலாம், வெளியே தெரியாது.

ஓர் எச்சரிக்கை. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை எடைக்காகப் போடுபவர்கள் அவற்றை ஃபெவிக்காலில் கொட்டி உறையவைக்காதீர்கள். ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்து மெல்ல மெல்ல வெள்ளையாகப் பூத்து ஊதும். ஓரிரு வருடத்தில் பெட்டியின் தளத்தையே பிளந்துவிடும். ஈயம்தான் வேண்டும் என்றால் அரால்டைட்டில் ஒட்டுங்கள். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இதெல்லாம் முடிந்து, மொட்டைத் தளம் எடையோடு வளைவில் தள்ளினாலும் விழாமல் ஓடுகிறது என்று பார்த்த பிறகு சுவரைத் தொடுங்கள். இதற்குத்தான் விளக்கத்தாளில் அந்த வரிசை.

சுவர்கள் லேசரில் வெட்டிய மெல்லிய பிளைவுட். வெட்டிய விளிம்பு கருகிப் பழுப்பாக இருக்கும். அந்தக் கரியின் மேல் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டப்போகும் விளிம்பை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள், போதும். அதிகம் தேய்த்தால் அளவு குறைந்து மூலையில் இடைவெளி விழும். மூலைமட்டம் வைத்து ஒரு பக்கச் சுவரையும் ஒரு முகப்பையும் எல் வடிவில் சேருங்கள். அப்படி இரண்டு எல். அவை காய்ந்த பிறகு ஒன்றோடொன்று சேர்த்தால் சதுரம் தவறாது.

மழைக்காலத்தில் செய்பவர்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. பிளைவுட் ஈரத்தைக் குடிக்கும். சுவரின் வெளிப்பக்கம் மட்டும் பிரைமர் அடித்துவிட்டு உள்பக்கத்தை விட்டுவிட்டால் வெளிப்பக்கம் ஒரு மாதிரி, உள்பக்கம் ஒரு மாதிரி சுருங்கி, சுவர் அப்பளம் மாதிரி வளையும். இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே கனத்தில் அடியுங்கள். கூரைக்கும் இதேதான். கூரையை ஒட்டவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. உள்ளே ஆள் உட்காரவைக்கவும் விளக்குப் போடவும் என்றாவது ஒருநாள் திறக்கத்தான் வேண்டியிருக்கும்.

பெயிண்ட். உள்பக்கத்தை ஒட்டுவதற்கு முன்பே அடித்து முடித்துவிடுங்கள், பிறகு பிரஷ் உள்ளே போகாது. வெளியே நீலமும் கிரீமும். முதலில் கிரீம், அதன் மேல்தான் நீலம். மாற்றி அடித்தால் கிரீமுக்குக் கீழே நீலம் சாம்பலாகத் தெரியும். இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு நூல் பிடித்தாற்போல் வர ஒரு வழி இருக்கிறது. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் விளிம்பை நகத்தால் அழுத்தியதும், நீலத்தை எடுக்காமல் திரும்பவும் கிரீமையே அந்த விளிம்பில் மெல்லியதாக ஒருமுறை அடியுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது கிரீமாகவே இருக்கும், அந்த இடைவெளியும் அடைபட்டுவிடும். அது காய்ந்ததும் நீலம். நீலம் முழுக்க இறுகுவதற்குள் டேப்பை விளிம்போடு மடக்கி உரியுங்கள்.

ஜன்னல் கண்ணாடியைக் கடைசியில் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் கூடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. ஃபெவிக்காலைக் குண்டூசி முனையில் தொட்டுப் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் ஆன பிறகு உங்கள் பெட்டியை உங்களுடையதாக்கும் வேலை. இதில் எங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தக் காலத்துப் பெட்டி என்பதைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். பாதை குன்னூர் வரை 1899-இல் திறந்தது, உதகமண்டலம் வரை 1908-இல். அன்றிலிருந்து இன்றுவரை வந்துபோன பெட்டிகள் பல மாதிரி. ஒரே பெட்டியில் பாட்டன் காலத்து விளக்கையும் இன்றைய ஸ்டிக்கரையும் சேர்த்தால் உறுத்தும். நீங்கள் எடுத்த ஒரு நல்ல போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு அதில் இருப்பதை மட்டும் செய்யுங்கள்.

பிரேக்ஸ்மேன் மேடையில்தான் பெட்டியின் உயிர் இருக்கிறது. கிட்டில் வரும் கைப்பிடி அட்டையில் வெட்டியது. அதை மாற்றிவிடுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். நகைப்பட்டறைக்குப் பொருள் தரும் கடைகளில் அரை மி.மீ.க்கும் மெல்லிய பித்தளைக் கம்பி கிடைக்கும். வளைத்து, இரண்டு முனையையும் துளையில் செருகி, உள்பக்கம் ஒரு சொட்டுப் பசை. மேடையில் நிற்க ஓர் ஆள் வேண்டுமே, அவரை 1:87 பொம்மைகளிலிருந்தே எடுங்கள். 170 செ.மீ. உயர மனிதர் 1:87-இல் 19.5 மி.மீ. இருப்பார், 1:76-இல் 22 மி.மீ.க்கு மேல். 1:76 அளவிலான பிரிட்டிஷ் ஓ.ஓ. பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினால் மேடையின் கூரையில் தலை இடிக்கும். உள்ளே உட்காருபவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடலாம். ஜன்னல் வழியே கால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஊர்ப்பலகை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது: 10 செ.மீ. உயர எழுத்து 1:87-இல் 1 மி.மீ.தான் கொஞ்சம் மேலே வரும். அந்த அளவில் ‘மேட்டுப்பாளையம்’ என்று தடித்த எழுத்துருவில் அச்சிட்டால் ‘ட்’டின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘ளை’யின் சுழி அடைந்துபோகும். மெல்லிய எழுத்துருவை லேசர் பிரிண்டரில் எடுங்கள், இங்க்ஜெட் ஊறிவிடும்.

அழுக்கும் வேண்டும். நிலக்கரியும் பிறகு எண்ணெயும் எரித்த இன்ஜின், வழியில் 16 குகைகள்; கூரை பளிச்சென்று இருந்தால் நம்ப முடியாது. கூரையின் நடுவில் கரித்தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். அடிப்பாகத்தில் செம்பழுப்பு, பிரேக் தேய்ந்து பறக்கும் தூளின் நிறம். சுவரில் கை வைக்காதீர்கள், அதைக் கழுவித் துடைக்க ஆள் இருக்கிறார்கள்.

நீலகிரியே வேண்டாம், என் கற்பனைப் பாதைக்குப் பெட்டி வேண்டும் என்பவர்களுக்கும் இது பொருந்தும். கொடைக்கானலுக்கு மலை ரயில் வரவே இல்லை, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் கீழே சமவெளியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதையை மேலே கொண்டுபோய், பச்சைப் பெட்டி ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். நமக்கு ஆட்சேபம் இல்லை. நிஜப் பாதையின் 100 மீட்டர் வளைவு 1:87-இல் 1.15 மீட்டர் ஆகிறது, வீட்டு மேஜையில் அதற்கு இடம் ஏது? எல்லோருமே கொஞ்சம் கற்பனைதான். வளைவு அரை மீட்டருக்குக் கீழே போனால் மட்டும் போகி திரும்பும்போது படிக்கட்டின் உள்பக்கத்தில் இடிக்கிறதா என்று பார்த்து, இடித்தால் அந்த உள்பக்கத்தை அரத்தால் இழைத்துவிடுங்கள். பல்சட்டம் போடாதவர்கள் 25-க்கு 1 ஏற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இணைப்புக் கொக்கி உங்கள் இன்ஜினில் எதுவோ அதுவே. தள்ளும்போது இரண்டு பெட்டியின் முகப்பும் ஒன்றையொன்று தொடாத அளவு இடைவெளி விட்டால் சரி.

இனி அனுப்பும் கிட்டுகளில் தளத்தட்டில் எடை வைக்கும் இடங்களைக் கோடு போட்டுக் குறித்திருக்கிறோம். பழைய கிட்டைப் பாதியில் வைத்திருப்பவர்களுக்கும் அந்தத் தட்டு மட்டும் வேண்டுமானால் கூரியர் செலவுக்கு அனுப்பிவைப்போம். பில் நம்பரோடு, உங்கள் பாதை எந்தக் கம்பெனியுடையது, உங்களிடம் இருக்கும் மிகச் சிறிய வளைவின் ஆரம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுதுங்கள். பெட்டி தடம் புரள்கிறது என்றால் அது விழும் இடத்தைப் பக்கவாட்டிலிருந்து, பாதை மட்டத்திலேயே கேமராவை வைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள். மேலிருந்து எடுத்தால் எந்தச் சக்கரம் முதலில் ஏறுகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

அன்புடன்,
கடையிலிருந்து