இரும்பைக் கொட்டினால் கடல் கரைத்துக்கொள்ளாது

ஆசிரியருக்கு,

கடலில் இரும்புத் தூளைத் தூவிப் பாசி வளர்த்தால் கரியமில வாயு குறையும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, தூவிய இரும்பு கரையுமா என்று கேட்கவே இல்லை. கணக்கு இடிப்பதே அங்கேதான்.

கடல்நீரின் பி.எச். (அமில-கார அளவு) 8-ஐ ஒட்டியது, அதாவது லேசான காரம், மேல்நீரில் ஆக்ஸிஜனும் தாராளம். எளிதில் கரையும் ஃபெரஸ் நிலையில் விடும் இரும்பு, வெதுவெதுப்பான கடலில் சில நிமிடங்களிலேயே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, கரையாத ஃபெரிக் நிலைக்கு மாறித் துருத் துகளாகத் திரியும். அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த குளிர்நீரில் இதற்கு மணிக்கணக்காகும். கரிமப் பொருள் இல்லாத உப்புநீரில் ஃபெரிக் இரும்பு லிட்டருக்கு 0.1 நானோமோல்கூடக் கரையாது. லிட்டருக்கு ஒரு நானோமோல் என்றால் பத்து லட்சம் கன மீட்டர் நீருக்கு 56 கிராம் இரும்பு.

ஆனால் ஆழ்கடலில் லிட்டருக்கு 0.6, 0.7 நானோமோல் இருக்கிறது. இரும்பைப் பிடிக்க பாக்டீரியா சுரக்கும் சிடரோஃபோர், மட்குப் பொருள் போன்ற கரிம மூலக்கூறுகள் இரும்பைப் பற்றிக்கொள்வதே காரணம். கரைந்துள்ளதில் 99 சதவீதத்துக்கு மேல் அவற்றின் பிடியில்தான். அந்தப் பிடியை மீறியது வண்டல்.

உதாரணத்துக்கு, இத்தகைய ஆய்வுகளில் கடலில் விடும் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். 10 டன் அன்னபேதியில் இரும்பு 2 டன்தான். 300 சதுர கிலோமீட்டரில் 50 மீட்டர் ஆழம் வரை சீராகக் கலந்தால் லிட்டருக்கு 2.4 நானோமோல் வரும். பற்றும் மூலக்கூறுகளோ பெரும்பாலும் 1, 2 நானோமோல்தான். சீராகவும் கலக்காது, கப்பல் விட்டுச்செல்லும் தடத்தில் செறிவு பல மடங்கு எகிறி, அங்கேயே கணிசமானது திரிந்துவிடும். ஆய்வுக் கப்பல்களில் அன்னபேதியை அமிலம் சேர்த்த கடல்நீரில் கரைத்து ப்ரொபெல்லர் கலக்கும் நீரில் விடுவார்கள். சில நாளில் மறுபடியும் விடுவார்கள். அமிலம் தொட்டிக்குள் துரு திரியாமல் காக்கும், அவ்வளவே. வெறும் இரும்புத் தூளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, கரையுமுன் மூழ்கிவிடும்.

‘கரைந்த இரும்பு’ என்ற எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. 0.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிகட்டியைத் தாண்டியதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அதில் கரையாமல் மிதக்கும் மிக நுண்ணிய கூழ்மத் துகளும் அடக்கம். 0.02 மைக்ரானில் மறுபடி வடித்தால் எண் இறங்கும். கப்பலே இரும்பு, பக்கவாட்டில் வாளியை இறக்கி மொண்டால் கப்பலைத்தான் அளக்கிறோம்.

கரைந்தாலும் போதாது என்பதற்கு 2009-இல் தெற்கு அட்லாண்டிக்கில் நடந்த கடலில் இரும்பு விட்டுப் பார்த்த இந்திய–ஜெர்மன் லோஹாஃபெக்ஸ் ஆய்வே சான்று. பாசி பெருகியது, ஆனால் சிலிக்கா பற்றாமல், சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் என்ற பாசி தழைக்கவில்லை, கோபிபாடு என்ற சிறு ஓட்டுயிரிகள் பாசியை மேய்ந்தன, ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம்.

டன் இரும்புக்கு இத்தனை டன் கார்பன் என்று யார் சொன்னாலும், இரும்பை எந்த வடிகட்டியில், விட்டு எத்தனை நாள் கழித்து அளந்தார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடல் வேதியியல் துறை வாசகர்