எல்ச்சே தோப்புல இருந்து சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

‘ஏன் கண்ணு, ஸ்பெயின்ல ஏதோ பேரீச்சந்தோப்பு பாக்கப் போறேன்னியே, மரமெல்லாம் எப்படி இருக்கு, தண்ணி எங்கிருந்து விடறாங்க’ன்னு கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தீங்க. பதில் சொல்லலாம்னு நானும் நாலு தடவை ரெக்கார்ட் பண்ணேன், ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம் ஓடுது, பாதியில எங்க விட்டேன்னு எனக்கே தெரியல. அதான் எழுதிடறேன். தம்பிகிட்ட சொல்லி எழுத்தைப் பெருசு பண்ணி படிங்க.

ஊர் பேரு எல்ச்சே, அந்த ஊர்க்காரங்க அவங்க வலென்சியன் மொழில எல்ச்னு சொல்றாங்க. அலிகாந்தேன்னு கடற்கரை ஊர்ல இருந்து ரயில்ல அரை மணி நேரம். தோப்புன்னா ஊருக்கு வெளிய நம்ம ஆனைமலை ரோடு மாதிரி இருக்கும், பஸ் புடிச்சுப் போகணும்னு நெனச்சு ஷூ எல்லாம் இறுக்கிக் கட்டிட்டு இறங்கினேன். ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதுத்தாப்லயே தோப்பு. அப்பார்ட்மெண்ட், அதுக்கு அடுத்து தோப்பு, ஸ்கூல், மறுபடி தோப்பு, கார் பார்க்கிங்குக்கு நடுவுல நாலு மரம். ரெண்டு லட்சத்துக்கு மேல பேரீச்சை மரம் இருக்குன்னு சொல்றாங்க. தோப்புக்குள்ள ஊரா ஊருக்குள்ள தோப்பான்னு முதல் நாள் பூரா எனக்குப் புரியல.

தண்ணிக் கதைதான் உங்களுக்குப் புடிக்கும். அங்க வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் மழை தேறினாலே பெருசு. வினலோப்போன்னு ஒரு ஆறு இருக்கு, ஆறுன்னா நீங்க நம்ம ஆழியாறை நெனச்சுக்காதீங்க, சாக்கடை மாதிரி ஒரு ஓட்டம், அதுவும் உப்புத்தண்ணி. பத்தாம் நூற்றாண்டு கடைசில அரபுக்காரங்க அங்க ஊரைக் கட்டினப்போ இந்த உப்புத்தண்ணிய வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு யோசிச்சு வாய்க்கால் வெட்டியிருக்காங்க, உப்பைத் தாங்கறது பேரீச்சைதானே, அதை வாய்க்கால் ஓரமாவும் வரப்பு மேலயும் வரிசையா நட்டுட்டு நடுவுல இருக்கற சதுரத்துல மாதுளை, குதிரைமசால், காய்கறின்னு வெள்ளாமை பண்ணியிருக்காங்க. மரம் வேலி, மரம் நெழலு, காத்துல ஈரம் ஓடிப்போகாம புடிச்சு வைக்கறதும் மரம்தான். நீங்க தென்னைக்கு ஊடால கோக்கோ போட்டீங்கல்ல, அதேதான், என்ன ஒண்ணு ஆயிரம் வருஷம் முன்னாடி. அப்படி ஒரு துண்டுக்கு ‘ஹோர்ட்’னு பேரு. 1265ல அரகோன் ராஜா ஹைமே ஊரைப் புடிச்சு முஸ்லிம்கள கோட்டைக்கு வெளிய ஒரு பேட்டைக்கு அனுப்பிட்டாரு, ஆனா வாய்க்காலையும் பாசன முறையையும் கலைக்கல. கலைச்சிருந்தா சோறு கிடையாதுல்ல.

இன்னொண்ணு கேளுங்க. அந்த ஊர்ல நிலம் ஒருத்தர்துன்னா தண்ணி வேறொருத்தர்து. தண்ணிக்கு தனியா சொந்தக்காரங்க இருந்திருக்காங்க, பாசன நேரத்த ஏலம் விட்டிருக்காங்க, மாடு ஏலம் விடற மாதிரி. நம்ம ஊர்ல மடை திறக்க ராத்திரி ரெண்டு மணிக்கு மண்வெட்டியோட போயி பக்கத்து தோட்டத்துக்காரரோட நீங்க போட்ட சண்டை ஞாபகம் வந்து தனியா சிரிச்சுக்கிட்டு நின்னேன், ஒரு நாய் என்னைப் பாத்து குரைச்சுது.

காய்ப்பு பத்திக் கேட்டீங்க. அங்க நிறைய மரம் விதையில வந்தது, தாய் மரத்து அடியில முளைக்கற பக்கக்கன்னு இல்ல. அதனால ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஒரு மரத்துப் பழம் தேன், பக்கத்து மரத்துது பஞ்சு. விதைன்னா பாதிக்குப் பாதி ஆண் மரமா வேற போயிடும். வியாபாரத்துக்கு இது தலைவலிதான், ஆனா இத்தனை ரகம் ஒரே இடத்துல கிடைக்கறது பெரிய விஷயமில்லையா. இப்போ நல்ல மரமா பாத்து லேப்ல திசு வளர்ப்புல கன்னு எடுக்கறாங்க. மார்ச்சுல போனதால குலையப் பாக்க முடியல, அறுப்பு குளிர்காலத்துலயே முடிஞ்சிடுது. மார்க்கெட்ல ஒரு டப்பா வாங்கினேன், நம்ம ஊர் பாக்கெட் பழம் மாதிரி வத்திப்போய் இல்லாம தண்ணியா தளதளன்னு இருக்கு. ஹோட்டல்ல பேரீச்சைக்குள்ள பாதாம் வச்சு மேல பன்றிக்கறி சுத்தி பொரிச்சுத் தர்றாங்க, அம்மாகிட்ட சொல்லாதீங்க, நல்லா இருந்துச்சு.

ஆனா நான் எழுத உக்காந்ததே குருத்தோலைக்காக. நான் போன 2024 மார்ச்சு அவங்களுக்கு குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். ஊர் பூரா வெள்ளை ஓலை. வெள்ளைன்னா மஞ்சள் கலந்த தந்தக் கலர், ஆளைவிட உசரமா முழு மட்டை, அதுல சின்னதா கிழிச்சுப் பின்னி பூ, சங்கிலி, கிளி எல்லாம் பண்ணி வச்சிருக்காங்க, கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து பின்னிட்டே வாய் ஓயாம பேசறாங்க. போப்புக்கும் ஸ்பெயின் ராஜா வீட்டுக்கும் வருஷா வருஷம் இங்கிருந்துதான் போகுதாம். நம்ம ஊர்ல தோரணத்துக்கு தென்னங்குருத்த வெட்டினா வெளுப்பா வரும், விரியாத ஓலை, வெயில் படல, அவ்வளவுதான். இவங்களுக்கு முழு மட்டையும் அந்தக் கலர்ல வேணும், அதுக்கு மரத்து மேல ஏறி கொண்டை முழுக்க அள்ளி, பச்சை மட்டைய வெளிய வச்சு உள்ள வர்ற குருத்த மூடி, கூம்பு மாதிரி இறுக்கிக் கட்டிடறாங்க. மாசக்கணக்கா வெளிச்சமே இல்லாம உள்ளயே வளந்து வெளுத்து வருது. தூரத்துல இருந்து பாத்தா தலைய முடிஞ்சு கொண்டை போட்ட கிழவி மாதிரி இருக்கு மரம். கட்டின மரத்த அப்புறம் சில வருஷம் சும்மா விட்டுடணும், இல்லேன்னா தாங்காது.

ஏறற ஆளுக்கு ‘பல்மெரேரோ’ன்னு பேரு. இடுப்பையும் மரத்தையும் சேத்து ஒரு கயிறு, அதை எக்கி எக்கித் தூக்கிப் போட்டுப் போறாரு, தென்னை மாதிரி வழுக்கல் இல்ல, மட்டை வெட்டின கட்டை படி மாதிரி நிக்குது, ஆனா முள்ளு இருக்கே, மட்டை அடியில ஊசி ஊசியா. பேரீச்சை மியூசியத்துல இதையெல்லாம் வச்சிருக்காங்க. ஏற ஆள் கிடைக்கறதில்லேங்கற புலம்பல் அங்கயும் அதேதான், இப்போ கூடை வச்ச கிரேன் வண்டியும் வருது.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். ஒரு பாதிரியார் தோட்டம் இருக்கு, நான் போனப்போ அங்க ஒரே மரத்துல ஆள் உசரத்துக்கு மேல ஏழு கிளை பிரிஞ்சு நின்னுச்சு, 1894ல ஆஸ்திரியா ராணி எலிசபெத் வந்து பாத்ததால ராஜமரம்னு பேரு, இரும்புக் கம்பி முட்டுக் கொடுத்து நிக்க வச்சிருந்தாங்க. டிக்கெட் வாங்கிப் பாத்தேன், அழகுதான், ஆனா வாய்க்கால் ஓரத்து சாதா மரம்தான் எனக்குப் புடிச்சுது. 1897ல ஊருக்கு வெளிய ஒரு வயல்ல மண்ணுக்குள்ள கிடைச்ச கல் சிலை, எல்ச்சே சீமாட்டி, காது ரெண்டு பக்கமும் வண்டிச்சக்கரம் மாதிரி அணி, ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. கிடைச்ச கொஞ்ச நாள்லயே பாரிஸ் லூவர் மியூசியத்துக்கு வித்துட்டாங்க, 1941ல திரும்பி வந்துச்சு, ஆனா ஊருக்கு இல்ல, மாட்ரிட்டுக்கு. ஊர்ல எங்க பாத்தாலும் அவ நகல்தான். ஆகஸ்ட் 14, 15ல பெரிய சர்ச்சுக்குள்ள மாதா இறப்ப நாடகமா பாடறாங்களாம், கூரையில இருந்து மாதுளம்பழம் மாதிரி ஒரு கூண்டு இறங்கி விரிஞ்சு அதுக்குள்ள இருந்து தேவதை வந்து மாதா கைல கொடுக்கறது என்ன தெரியுமா, தங்கக்கலர் பேரீச்சை ஓலை. அடுத்த வருஷம் லீவு கிடைச்சா ஆகஸ்டுலதான் போவேன்.

கடைசியா ஒண்ணு, இத நான் உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. ரெண்டாம் நாள் காலைல ஒரு வாய்க்கால் ஓரமா நடந்துட்டே போறேன், மரத்தடியில ஒரு வாளி தொங்குது, மூடி போட்டு பக்கவாட்டுல ஓட்டை. சித்தப்பா, நம்ம வாளி! அப்படியே நம்ம கிணத்து மேட்டுல நீங்க கட்டி வச்ச பெரோமோன் பொறி, வாசனை காட்டி வண்டு புடிக்கறது. எட்டிப் பாத்தா உள்ள நம்ம தென்னையக் குடையற செவப்புக் கூன் வண்டு, அதே நீள மூக்கு. நம்ம பக்கத்துப் பூச்சிதான், தெற்காசியாவுல இருந்து அரபு நாட்டுக்கு, அங்கிருந்து எகிப்து, எகிப்துல இருந்து இறக்குமதி பண்ணின மரத்தோட 1990கள்ல ஸ்பெயின், 2005 வாக்குல எல்ச்சே. மரத்துக்கு ஊசி போடறாங்க, வாளி கட்டறாங்க, புடிச்ச மரத்த அறுத்துத் தூள் தூளா அரைச்சுடறாங்க. 2000ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்ச தோப்பு, சட்டம் போட்டு ஒரு மரத்தையும் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாதுன்னு வச்சிருக்காங்க, வண்டுக்கு அதெல்லாம் என்ன தெரியும்.

அங்க மட்டை வாரிட்டிருந்த பெரியவர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல எங்க வீட்லயும் இந்த வாளி இருக்குன்னு சொன்னேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு மரத்த கை வச்சுத் தட்டிக் காட்டினாரு, அப்புறம் உள்ள புழு குடையற சத்தம் வருதான்னு காத அதுல வச்சு கேக்கச் சொன்னாரு. நீங்க எனக்கு எட்டு வயசுல சொல்லிக் கொடுத்தது. கறமுறன்னு சத்தம் எதுவும் இல்ல, ரெண்டு பேரும் சிரிச்சோம்.

வீட்டுக்குப் பின்னாடி கடைசி வரிசை மரத்துல பழுப்பா சாறு வடியுதுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. காத வச்சுப் பாத்தீங்களா?

உங்க கண்ணு