அபிஸ்கோவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருவ ஒளி பார்க்க ஸ்வீடனின் அபிஸ்கோ கிராமத்துக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில விவரங்கள்.

கிருணா நகரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இங்கே இரண்டு நிறுத்தங்கள் உண்டு. வீடுகளும் கடையும் இருப்பது அபிஸ்கோ ஓஸ்ட்ராவில். தேசியப் பூங்காவை ஒட்டி இருப்பது அபிஸ்கோ டூரிஸ்ட்ஸ்டேஷன். மாறி இறங்கினால் பனியில் பெட்டியை இழுத்துக்கொண்டு சுமார் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

மேற்கேயுள்ள மலைகள் கடல் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் இங்கு ஆண்டு மழையும் பனியும் சேர்ந்தே 300 மில்லிமீட்டர் அளவுதான். மேகம் குறைவு என்பதே இவ்வூரின் பெரிய வரம். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். நுவோல்யா மலைக்கு நாற்காலி லிஃப்ட் உண்டு. பலத்த காற்றில் நிறுத்திவிடுவார்கள். அதற்காக வருந்த வேண்டாம், டோர்னெட்ரெஸ்க் ஏரிக்கரையே போதும்.

பலரும் கோட்டைவிடுவது கேமராவில்தான். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள். ஃபோகஸை ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் கையால் சரிசெய்யுங்கள். அறைக்குள் நுழையுமுன், வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட வேண்டும். இல்லையேல் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் லென்ஸுக்குள் முத்து முத்தாகப் படியும். உள்ளே போய் இரண்டு மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். பருத்திக் காலுறையும் ஆகாது. வியர்வையில் நனைந்தால் விரல் விறைக்கும், கம்பளிதான் சரி.

கோடையில் போனால் ஹெமாவன் வரை 440 கிலோமீட்டர் நீளும் குங்ஸ்லேடன் என்ற நடைபயணப் பாதை இங்கேதான் தொடங்குகிறது. பூங்காவுக்குள் குறித்த இடங்களில் மட்டுமே கூடாரம் போடலாம். கொசுவலை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்