பொதிக்குள் வைத்த கடிதம்

விசுவமடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிள்ளைக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் இங்கே சுகம். நீயும் மருமகனும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன். புளியம்பொக்கணை மாமி வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். தன் பெட்டியில் உனக்கென்று ஐந்து கிலோவுக்கு இடம் விட்டிருக்கிறார். மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், நெத்தலிக் கருவாடு, பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை எல்லாவற்றையும் கட்டிச் சந்திக் கடைத் தராசில் வைத்தால் 5 கிலோ 300 காட்டுகிறது. எதைக் குறைப்பது என்று இரண்டு நாளாகப் பொதியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை மிளகாய்த்தூள் பைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். மாமி பிரித்துப் படிக்க மாட்டார்; படித்தால் தும்முவார்.

காலபோகம் இந்த முறை மோசமில்லை. கல்மடுக் குளத்துப் பக்கமிருந்து யானை வந்து தென்னம்பிள்ளை நாலைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. நீ அனுப்பிய காசில் கட்டிய கிணற்றுக்கட்டைப் போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். யார் கட்டியது என்று கேட்பார்கள். மகள் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன், கண் பட்டுவிடும் என்று. வேறு செய்திகளும் இருக்கின்றன. எழுத மனம் ஓடவில்லை.

நீ ஏன் பிள்ளை கமராவை மேலே திருப்பி வைக்கிறாய்? ஆவணி மாதத்திலிருந்து உன் வீட்டு முகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வட்டமாக ஒரு கருவி, நடுவில் ஒரு பச்சை வெளிச்சம். நீ பேசும்போது நான் அதைப் பார்த்துத்தான் தலையாட்டுகிறேன்.

போன செவ்வாய் கிளினிக் நாள். புதிதாக வந்திருக்கும் டொக்டர் நான் இரண்டாம் வகுப்பில் படிப்பித்த பையன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். என் சீனி அளவைப் பார்த்துவிட்டுக் காலைக் காட்டச் சொன்னான். விரலிடுக்கெல்லாம் பார்த்தான். அம்மம்மாவின் கால்விரல் கதையை நான் சொல்லவில்லை. அவனாகவே கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு நான் மெல்ல, எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பிள்ளை, வெளிநாட்டில் இருக்கிறாள், நிறையைக் குறைக்க வயிற்றில் சத்திரசிகிச்சை செய்யப் போகிறாளாம், அது என்ன என்று கேட்டேன். அவன் பேனையை மூடி வைத்துவிட்டு, "அக்கா எப்படி இருக்கிறா ரீச்சர்?" என்று கேட்டான். மறைக்கத் தெரியாத முகம் என்னுடையது.

ஆம், எனக்குத் தெரியும். தம்பியின் பெண்சாதியை ஏசாதே. நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். ஒரு நாள் உன் கை தவறி கமரா திரும்பியபோது கட்டில் தலைமாட்டில் குழாய் பூட்டிய பெட்டி ஒன்றைக் கண்டேன். பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுக்கிறார்கள் என்று நினைத்து அன்றிரவு முழுக்க நான் படுக்கவில்லை. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவதற்குப் பூட்டுகிற இயந்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. சீனி வருத்தம் இரண்டு வருடமாக இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. தம்பிக்குத் தெரியும், மச்சாளுக்குத் தெரியும், பெட்டியில் இடம் தருகிற மாமிக்கும் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாது. நல்லது.

அந்தப் பையன் என் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் இரைப்பையைக் கீறிக் காட்டினான். நூற்றுக்கு 75, 80 பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்களாம். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். எடுத்தது எடுத்ததுதான், திருப்பி வைக்க முடியாது. பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் வெட்டுகிற அந்தப் பக்கத்தில்தான் சுரக்கிறதாம். ஆகவே கொள்ளளவோடு பசியும் குறையுமாம். இன்னொரு வகையில், மேலே முட்டையளவு பையை மட்டும் விட்டு அதைச் சிறுகுடலோடு பொருத்துவார்களாம். சீனி வருத்தத்துக்கு அது இன்னும் நன்றாகக் கேட்கும் என்றான். உனக்கு எது என்று சொன்னார்கள்? இரண்டையும் விளக்கச் சொல்லிக் கேள். விளங்காமல் கையெழுத்து வைக்காதே.

உயிருக்கு ஏதும் என்று கேட்டேன். இப்போது சின்னத் துளைகள் போட்டுத்தான் செய்கிறார்கள், பித்தப்பை எடுப்பதை விடப் பெரிய ஆபத்தில்லை, ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கு என்றான். அவன் நல்ல மனதோடு சொன்னான். ஆனால் பிள்ளை, அந்த ஆயிரத்தில் ஒன்றுக்கு எங்கள் வீட்டுப் படலை நன்றாகத் தெரியும்.

நிறை குறைக்க வாரத்துக்கு ஒரு ஊசி வந்திருக்கிறதாமே, அதை முயன்று பார்த்தாயா? நிறுத்தினால் பலருக்கு நிறை திரும்ப ஏறுகிறது என்றும் சொன்னான். நீ பார்த்திருப்பாய். நீ ஒன்றையும் பார்க்காமல் செய்கிறவள் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் படித்து, இரண்டு வருடம் பள்ளிக்கூடமே இல்லாமல் இருந்து, பிறகு சாதாரண தரச் சோதனையில் எட்டு ஏ எடுத்தவள். ஆனாலும் கேட்கிறேன்.

முன்வீட்டு அன்ரிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வேலிக்கு மேலால் தலையை நீட்டி, கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் இப்போது வயிற்றை வெட்டக் காசு கொடுக்கிறது என்றார். நான், அங்கே கனடாவில், ஒன்ராறியோவில் தகுதியான ஆட்களுக்கு அரசாங்கமே செலவைப் பார்க்கிறது, உங்கள் காசு ஒன்றும் போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்து இருந்து யோசித்தால், முதல் நாள் நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் வாயால் கேட்டபோதுதான் எவ்வளவு கேவலமாக இருந்தது.

அந்தப் பையன் இன்னொன்று சொன்னான். எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு நிறை கொஞ்சம் ஏறினாலே சீனி வந்துவிடுகிறதாம். அதனால் இந்தச் சத்திரசிகிச்சைக்கு வெள்ளைக்காரருக்கு உடற்திணிவுச் சுட்டி, அதுதான் உயரத்துக்கு நிறையைப் பார்க்கிற கணக்கு, 35 என்று பார்ப்பதை எங்களுக்கு 27.5 இலிருந்தே பார்க்கலாம் என்று 2022இல் வந்த வழிகாட்டலில் இருக்கிறதாம். 1944ஆம் ஆண்டு மாரியில் ஹொலந்தில் ஒரு பஞ்சம் வந்ததாம். அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை வளர்ந்த பிறகு சோதித்தபோது, சீனியை உடம்பு கையாளுவதில் கோளாறு கூடுதலாக இருந்ததாம். உடனே நான் 1996ஐக் கணக்குப் போட்டேன். சண்டையில் இடம்பெயர்ந்து கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்துக்குப் போனபோது நீ என் வயிற்றில் ஆறு மாதம். கோதுமை மா ரொட்டியும் முருங்கையிலையும்தான். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரீச்சர், அதை வைத்து உங்கள் பிள்ளைக்கும் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றான். சொல்ல முடியாதுதான். நான் யோசிப்பதை அவன் தடுக்க முடியுமா?

இது யாருக்காகச் செய்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். மருமகனின் தாய் பேரப்பிள்ளை கேட்கிறார் என்பதற்காக என்றால், சத்திரசிகிச்சைக்குப் பிறகு பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் வரைக்கும் பிள்ளை தங்கக் கூடாதாம். அதை அவரிடம் முதலே சொல்லி வை. நான் பேரப்பிள்ளை கேட்கவில்லை. கேட்டேன்தான், போன வருடம். இப்போது கேட்கவில்லை.

செய்வதென்றால் ஆறுதலாகச் சாப்பிடப் பழகு. இப்போதே பழகு. அரைத்து, மென்று, மெல்ல. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாதாம், அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டுமாம். நீ சின்னதிலிருந்தே தண்ணீரோடு விழுங்குகிறவள். சத்திரசிகிச்சைக்கு முதல் ஈரலைச் சுருக்க இரண்டு கிழமை நீராகாரம். பிறகும் சில கிழமை நீராகாரம், அதன்பின் மசித்த சாப்பாடு. விற்றமின், இரும்பு, கல்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் நரம்பு கெட்டுவிடும் என்றான். மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொட்டும், பயப்படாதே, திரும்ப வரும். ஆறுதலாகச் சாப்பிடு. அவசரப்படாதே. உனக்குச் சமைத்துத் தர அங்கே யார் இருக்கிறார்கள்? மருமகனுக்குச் சுடுதண்ணீர் வைக்கவே தெரியாது.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல் டொக்டர் மட்டும் பார்ப்பதில்லையாம். உணவியலாளரும் சமூகசேவையாளரும் கூப்பிட்டுப் பேசுவார்களாம். எப்போதிருந்து உடம்பு வைத்தது, கவலை வந்தால் சாப்பிடுகிறாயா, ஒளித்துச் சாப்பிடுகிறாயா, சிறுவயதில் சாப்பாடு எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்பார்களாம். அந்தப் பையன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. சீனி இறங்கிவிட்டது என்று நினைத்து அவன் பிஸ்கட் தந்தான்.

கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் தம்பிக்குக் காய்ச்சல் விடாமல் கிடந்தபோது அப்பா ஒரு ரின்பால் கொண்டுவந்தார். அதற்குப் போனது என் தோடு. தம்பிக்கு ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். உனக்குக் கஞ்சி. நீ வளர்ந்த பிள்ளை என்று சொன்னேன். உனக்கு 12 வயது. நீ ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் நான் கரைக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பாய். அதை உனக்குத் தெரிந்த கதை என்று நீ நினைப்பாய். மிச்சம் இதுதான். இரவில் நீங்கள் மூன்று பேரும் நித்திரையான பிறகு, பங்கருக்குள் அந்த ரின்னை எடுத்து விரலால் வழித்து நக்கினேன். ஒரு நாள் இல்லை, முடியும்வரை ஒவ்வொரு இரவும். ரின் இவ்வளவு கெதியாகக் குறைகிறதே என்று அப்பா கேட்டபோது, தம்பிக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு இரவு நீ என் பக்கம் புரண்டு படுத்தாய். உன் கண் திறந்திருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

பிறகு முகாமில், செட்டிகுளத்தில், உன் தலைமாட்டில் உடுப்புக்குக் கீழே ஏழு பிஸ்கட் பக்கற்றுகளைக் கண்டேன். இரவிரவாகக் கேட்ட கறுமுறுச் சத்தம் அதுதான். பக்கத்துக் கூடாரத்துச் சனம் பார்க்க அகப்பைக் காம்பால் அடித்தேன். பறவாதி என்று சொன்னேன். நீ அழவில்லை. "தம்பிக்கு வைத்திருக்கிறேன் அம்மா" என்றாய்.

அதைக் கேட்ட பிறகும் ஒரு அடி அடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உனக்குச் சோற்றைக் குவித்துப் போட்டவள் நான்தான். மிச்சம் வைத்தால் ஏசினவளும் நான்தான். நீ உடம்பு வைக்க வைக்க எனக்கு நிம்மதியாக இருந்தது, சனம் பிள்ளை தேறிவிட்டாள் என்று சொன்னது. பிறகு கலியாணம் பேசுகிற நேரம் அதே உடம்பைப் பற்றி உன் காதுபடப் புரோக்கரிடம் குறை சொன்னதும் நான்தான். பழைய படத்தைக் கொடுத்துவிட்டேன். அதுவும் உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாய்.

அந்தச் சமூகசேவையாளர் கேட்டால் இதைச் சொல். அம்மாவைக் காட்டிக்கொடுப்பது என்று நினைத்து விழுங்காதே. அவர்களுக்குத் தெரிந்தால்தான் பிறகு உன்னைச் சரியாகப் பார்ப்பார்கள். வயிற்றை வெட்டலாம், இரவில் எழும்புகிற அந்தப் பிள்ளையை வெட்ட முடியாது என்று அந்த டொக்டர் பையனே சொன்னான், வேறு சொல்லில். தேவையென்றால் இந்தக் கடிதத்தை மருமகனைக் கொண்டு இங்கிலீசில் மாற்றிக் கொடு. எனக்கு வெட்கமில்லை. இருக்கிறது, ஆனால் கொடு.

செய் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. செய்தால் திகதியை எனக்குச் சொல். தம்பிக்குச் சொல்லி அவன் எனக்குச் சொல்வது வேண்டாம். அன்றைக்கு நான் விளக்கைக் கொளுத்திவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன். வருகிற வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் உன் பேரில் நேர்த்தி வைத்திருக்கிறேன். ஆறுதலாகச் சாப்பிடு. கமராவைக் கீழே இறக்கு. நீ எப்படி இருந்தாலும் எனக்குப் பார்க்க வேண்டும்.

பொதியில் பயற்றம் பணியாரத்தை எடுத்துவிட்டேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இனிப்புச் சாப்பிட்டால் சிலருக்குத் தலைசுற்றி நெஞ்சு படபடக்குமாம், குடலில் பொருத்துகிறவர்களுக்குத்தான் கூடுதலாம். கருவாடு இருக்கட்டும், புரதம். எள்ளுருண்டையையும் எடுத்தேன், பிறகு திரும்ப வைத்தேன். திகதி வர முதல் சாப்பிடு, மருமகனோடு இருந்து, மேசையில் வைத்து. 18 உருட்டினேன். எண்ணிப் பார்த்தால் 17தான் இருக்கும். ஒன்றை நேற்று இரவு நான் தின்றுவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா