குரலைப் பத்திரப்படுத்தச் சொல்லித்தந்த அண்ணனுக்கு நன்றி

பிள்ளைகளுக்காகப் பேசிப் பதிந்து வைக்கும் பெற்றோருக்கு, மதுரை டவுன் ஹால் ரோட்டில் காசு வாங்காமல் பொறுமையாக வழிகாட்டிய அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

ஃபேனை முதலில் நிறுத்தச் சொன்னார். அந்த இரைச்சலைப் பிறகு நீக்கப் போனால் குரலும் சேர்ந்து தேயும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், மடித்த துண்டின் மேல் இருக்க வேண்டும். நேர் எதிரே இருந்தால் “அப்பா பேசுறேன்” என்னும்போதே மூச்சு மைக்கில் அடித்து டொப்பென்று கேட்கும். ரெக்கார்டிங் செட்டிங்கில் வேவ் ஃபைல் (ஒலியைச் சுருக்காமல் வைக்கும் WAV வகை), 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைச் சேனல்) போதும். நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம்தான். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகவே அனுப்புங்கள், வாய்ஸ் மெசேஜ் என்றால் சுருக்கிவிடும். பென்டிரைவை மட்டும் நம்பி பீரோவில் பூட்டாதீர்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் பதிவு அழியக்கூடும். ஹார்ட் டிஸ்க்கிலும் கிளவுடிலும் ஒவ்வொரு பிரதி கட்டாயம் வேண்டும். ஃபைல் பெயரிலேயே தேதியும் பிள்ளை பெயரும் இருக்கட்டும்.

ரொம்ப நன்றிண்ணே.